வலி ஊசிக்குப் பக்கத்தில் யார்?



இந்த இதழுக்காக மகப்பேறு பகுதியைத் தயாரிக்கிறோம் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "டிரிப்ல வலி மருந்து ஏத்துனா சீக்கிரம் குழந்தை பிறந்துடுமாமே, நாமளே கேட்டுப் போடச் சொல்லலாமா?" சேலையூரிலிருந்து, முடிச்சூரிலிருந்து, மாடம்பாக்கத்திலிருந்து இப்படிக் கேட்டவர்களில் பலர் கர்ப்பிணிகள் அல்லர், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள். இதற்கு நேர் எதிரான கவலையும் வந்தது: "டிரிப் போட்டாலே கடைசியில ஆபரேஷன்லதான் முடியும்னு சொல்றாங்க, வேண்டாம்னு சொல்லிடலாமா?" இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். மகளையோ மருமகளையோ உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் இரவு எவ்வளவு நீளமானது என்று அறிந்தவர்கள் நம்மில் பலர். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, காலையில பாக்கலாம்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகு அந்த இரவைச் சுருக்க ஒரு மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் மனம் அதை நாடத்தான் செய்யும். அதில் தவறே இல்லை.

பிரசவ வலியைக் கூட்டும் அந்த மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். நம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இயல்பாகவே வருவது. பிட்யூட்டரிச் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல் கண்டார். 1909இல் பிளேர் பெல் அதைப் பிரசவத்தில் பயன்படுத்தியதை எழுதினார். அந்தக் காலத்து ஊசி மாட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு. அளவும் சீராக இருக்காது, வேகமும் கைக்குள் நிற்காது. 1953இல் அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ, ஒன்பது அமினோ அமிலங்களாலான இந்த ஹார்மோனை ஆய்வகத்தில் உருவாக்கினார். அதற்காக 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் இத்தனை யூனிட், இத்தனை சொட்டு என்று துல்லியமாகக் கொடுக்க முடிந்தது.

இந்த மருந்து ஏன் டிரிப்பில் மட்டும் ஏற வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் கலந்த ஆக்ஸிடோசின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். டிரிப்பில் ஓடும்போது வலி அளவுக்கு மீறினாலோ குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தாலோ குழாயை மூடினால் போதும், கொஞ்ச நேரத்தில் கர்ப்பப்பை தளர்ந்துவிடும். அதே மருந்தைப் பிரசவத்துக்கு முன்பு கையிலோ இடுப்பிலோ ஊசியாகக் குத்திவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. கர்ப்பப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நச்சுக்கொடிக்குப் போகும் தாயின் ரத்தம் குறைகிறது. தளரும்போது மறுபடி ஓடுகிறது. வலிக்கும் வலிக்கும் நடுவே வரும் அந்த ஓய்வில்தான் குழந்தை மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு வலி என்பது நல்ல வேகம். ஐந்துக்கு மேல் போனால் குழந்தைக்கு அந்த ஓய்வு கிடைக்காது.

குறைந்த அளவு முறையில் நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லி யூனிட்டில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். 500 மில்லி பாட்டிலில் 5 யூனிட் மருந்து கலந்தால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் 2 மில்லி யூனிட் என்பது நிமிடத்துக்கு நாலே நாலு சொட்டு. இந்த நாலு சொட்டை எட்டாக்குவதும் பன்னிரண்டாக்குவதும் வயிற்றில் கை வைத்து வலியை எண்ணுகிறவரின் கையில் இருக்கிறது. பம்ப் வைத்த மருத்துவமனைகளில் இயந்திரமே அளந்து விடும். பம்ப் இல்லாத இடத்தில் ஒருவர் நின்று சொட்டை எண்ண வேண்டும். அவர் வேறு கட்டிலுக்குப் போனபோது குழாயின் சக்கரம் தளர்ந்தாலோ, அவசரப்பட்ட உறவினர் யாராவது திருகிவிட்டாலோ நாலு சொட்டு நாற்பதாகிவிடும். இப்படித் தவறினால் பெரும் கேடு விளையும் மருந்துகளின் பட்டியலில் 2007இல் ஆக்ஸிடோசினையும் சேர்த்தார்கள், மருந்துப் பிழைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க நிறுவனத்தார்.

பிரசவ நேரத்தை மருந்தால் குறைக்கும் முறையை உலகம் கவனிக்கும்படி செய்தது அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஹோலிஸ் தெரு மருத்துவமனை. 1969இல் அங்கே கீரன் ஓ'டிரிஸ்கோல் என்ற மருத்துவர், முதல் பிரசவத்துக்கு வரும் பெண் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தவிக்க மாட்டாள் என்று உறுதி கொடுக்கும் ஒரு முறையை எழுதினார். பின்னாளில் அந்த உறுதி 12 மணி நேரமானது. பனிக்குடத்தை முன்கூட்டியே உடைப்பது, வேகம் போதாவிட்டால் ஆக்ஸிடோசின் ஏற்றுவது என்ற இரண்டையும் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். ஆனால் டப்ளின் முறையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. பிரசவம் முடியும்வரை ஒவ்வொரு பெண்ணோடும் அவளுக்கென்றே ஒரு நர்ஸ் உடன் இருப்பார். மருந்து பாட்டில் விமானம் ஏறி எல்லா ஊருக்கும் போனது. அந்த நர்ஸ் போகவில்லை. இன்றுவரை நம் பிரசவ வார்டுகளில் உள்ள சிக்கலின் பெரும்பகுதி அந்த ஒரு குறையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பதிவு இருக்கிறது. சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1995இல் சென்னையில் தங்கி, பிரசவம் பற்றிப் பெண்களிடம் பேசி ஆராய்ந்தார். அவர் பேசிய பெண்கள் பட்டினப்பாக்கம் பக்கத்து நொச்சிக்குப்பத்திலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கு வெகு தூரமில்லாத கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் இருந்தவர்கள். 2003இல் அது நூலாக வந்தது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, போன பெண்களுக்கு வலியைக் கூட்டும் மருந்து வழக்கமாகவே ஏற்றப்பட்டது, வலி தெரியாமலிருக்க எதுவும் கொடுக்கப்படவில்லை என்று அவர் பதிவு செய்தார். அதைவிட முக்கியமானது, அந்தப் பெண்களில் பலர் அந்த ஊசியைத் தாங்களே விரும்பிக் கேட்டார்கள் என்பது. நல்ல வலி வந்தால்தான் நல்ல பிரசவம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வீட்டில் வலி எடுத்தால் முதலில் சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுப்போம். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிள்ளை வலியானால் கூடும். வலி கூடுவதை நல்ல செய்தியாகப் பார்க்கும் அந்தப் பழைய அறிவு, மருத்துவமனைக்குள் போனதும் ஊசியைத் தேடியது. மருத்துவமனைக்கோ கட்டில் காலியாக வேண்டியிருந்தது. பெண்ணின் விருப்பமும் வார்டின் நெருக்கடியும் ஒரே திசையில் இழுத்தபோது, இந்தப் பெண்ணுக்கு இந்த மருந்து இப்போது தேவையா என்று கேட்க ஆள் இல்லாமல் போனது.

இவ்வளவு ஆண்டுகளில் எவ்வளவோ மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99 சதவீதத்துக்கு மேல். அதே ஆய்வில் நம் மாநிலத்தில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஆகவே சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்ற ஏக்கத்தில் டிரிப்பைக் கேட்கிறவர்களின் மனம் புரிகிறது. அவர்களுக்கு ஆய்வுகள் சொல்வதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிரசவம் மெதுவாகப் போகும்போது கொடுக்கும் ஆக்ஸிடோசின் சராசரியாக இரண்டு மணி நேரத்தைக் குறைக்கிறது. சிசேரியனைக் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. கோக்ரேன் என்ற ஆய்வுக் குழுவினர் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது. டப்ளின் முறையை அமெரிக்காவின் பாஸ்டனில் பரிசோதித்து 1995இல் வெளியிட்டபோதும் பிரசவ நேரம் 2.7 மணி குறைந்தது. சிசேரியன் அப்படியேதான் இருந்தது. டிரிப் போட்டால் ஆபரேஷன்தான் என்று பயப்படுகிறவர்களும் இதையே படித்து ஆறுதல் கொள்ளலாம். சோர்ந்துபோன பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் குறைவது சின்ன விஷயமல்ல. தகுந்த காரணத்தோடு, பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக் கொடுத்தால் அது பெரிய உதவி.

தகுந்த காரணம் எது? வலி குறைவா, வழி குறைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கர்ப்பப்பையின் சுருக்கம் போதாமல் பிரசவம் நின்றிருந்தால் மருந்து உதவும். குழந்தையின் தலை பெரிதாகவோ குறுக்காகவோ இருந்து இடுப்பெலும்புக்குள் இறங்காமல் நின்றிருந்தால் மருந்து கர்ப்பப்பையை இன்னும் இறுக்கிக் கிழிக்கவும் கூடும். கை வைத்துப் பரிசோதித்து இதைத் தெரிந்துகொள்ளாமல் டிரிப் தொடங்கக் கூடாது.

இன்னொன்று, எது தாமதம் என்பதே. அமெரிக்க மருத்துவர் ஃபிரீட்மன் 1954இல் வரைந்த வளைகோட்டை வைத்து, கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் முழு வேகத்துக்கு வருகிறது. அதிலிருந்து முதல் பிரசவத்துக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள்ளும், அடுத்தடுத்த பிரசவத்துக்கு 10 மணி நேரத்துக்குள்ளும் முழுதாகத் திறக்கும். அதற்கு முந்தைய கட்டம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. "ரெண்டு விரல்" என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அந்த நிலையில் தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் அசட்டையாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு அஷ்டமி, இன்றைக்கே பிறந்துவிட வேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள் என்றும் பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நாள் தள்ளிப்போனதாலோ, ரத்த அழுத்தத்தாலோ, பனிக்குட நீர் குறைந்ததாலோ ஜெல் வைத்து வலி வரவழைப்பது வேறு. அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இதைப் பொறுப்போடு சிந்தித்தவர்கள் உண்டு. மும்பையின் மகப்பேறு மருத்துவர் ஷிரிஷ் தஃப்தரி வகுத்த முறையில் மூன்றும் சேர்ந்தே போகும்: வலி போதிய அளவு வருகிறதா என்று பார்ப்பது, அந்த வேதனையை மருந்தால் தணிப்பது, ஒவ்வொரு கட்டத்தையும் தாளில் வரைபடமாகக் குறிப்பது. எபிடியூரல் என்ற, முதுகில் போடும் வலி தணிப்பு ஊசியைக் கொடுக்க மயக்க மருத்துவர் எப்போதும் கிடைக்காத இந்திய மருத்துவமனையை மனதில் வைத்து வகுத்தது இது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பலர் இதை ஆய்வேடாகச் செய்திருக்கிறார்கள். வலியைக் கூட்டுகிறவர்கள் வேதனையைக் குறைக்கவும் கடமைப்பட்டவர்கள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதற்காகவே அந்த முறைமேல் எனக்கு மதிப்பு அதிகம்.

கர்ப்பப்பை வாயை இளக வைக்க டிரோடாவெரின் போன்ற ஊசிகளும் நம் வார்டுகளில் போடுகிறார்கள். பழைய தலைமுறை தாய்மார்களுக்கு இதே வகையைச் சேர்ந்த எபிடோசின் என்ற பெயர் நினைவிருக்கும். இந்த வகை மருந்துகள் முதல் கட்டத்தைச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்தாலும், அந்த ஆதாரம் வலுவாக இல்லை. தாமதத்தைத் தடுப்பதற்கென்று இவற்றை எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆக்ஸிடோசின் என்றதும் "அது மாட்டுக்குப் போடுற ஊசியாச்சே" என்று சிலர் பதறுகிறார்கள். பால் கறக்க மாடுகளுக்குத் தவறாகப் போட்டதைத் தடுக்கவே மத்திய அரசு 2018 ஏப்ரலில் தனியார் நிறுவனங்கள் இதைத் தயாரித்து விற்கத் தடை விதித்து, கர்நாடகத்தில் உள்ள ஒரே ஒரு அரசு நிறுவனத்திடம் தயாரிப்பை ஒப்படைத்தது. நாடு முழுவதற்கும் மருந்து போதாமல் போனால் தாய்மார்கள் உயிரிழப்பார்கள் என்று வழக்கு நடந்தது. 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. குழந்தை பிறந்த உடனே தாய்க்குப் போடும் 10 யூனிட் ஊசியும் இதே ஆக்ஸிடோசின்தான். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கிலிருந்து தாயைக் காப்பது அது. அந்த ஊசியை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. குழந்தை வெளியே வந்துவிட்டதால், பிறப்புக்கு முன் ஊசியாகப் போடுவதில் உள்ள ஆபத்து அப்போது இல்லை.

மருந்தில்லாமலும் நேரம் குறையும். படுத்தே கிடக்காமல் நடப்பதும் நிமிர்ந்து உட்காருவதும் முதல் கட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைக்கின்றன. பக்கத்தில் ஒருவர் விடாமல் உடனிருந்து தைரியம் சொன்னால் சுமார் 40 நிமிடம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. மருந்தால் ஆகாதது துணையால் ஆகிறது. இதையும் கோக்ரேன் குழுவினர்தான் தொகுத்துச் சொன்னார்கள். பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் துணையிருக்கலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் 2000களின் நடுவிலேயே வழி செய்துவிட்டார்கள். பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியவில்லை, கேளுங்கள். இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா மருத்துவமனைகளில் 35,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். பார்ட்டோகிராஃப் என்ற ஒற்றைத் தாளில் திறப்பையும் வலியையும் துடிப்பையும் முறையாகக் குறிக்கத் தொடங்கிய பிறகு, ஆக்ஸிடோசின் தேவைப்பட்டவர்கள் 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தார்கள். நீண்டுபோன பிரசவங்களும் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. மருந்தும் குறைந்து, தாமதமும் குறைந்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. தாம்பரம் சுற்று வட்டாரத்தில் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு, அரசு மருத்துவமனை உண்டு, தெருவுக்குத் தெரு நர்சிங் ஹோம்கள் உண்டு. சிக்கலானால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூருக்கோ எழுதுவார்கள். 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் மாலை நேரத்து ஜிஎஸ்டி சாலையில் 108 வண்டியின் வேகத்தை முடிவு செய்வது நெரிசல். அதனால்தான், சிசேரியன் செய்ய வசதி இல்லாத இடத்தில் வலி மருந்து தொடங்கக் கூடாது என்ற விதி நமக்கு இவ்வளவு முக்கியமாகிறது. ஆபரேஷன் தியேட்டர் இல்லாத இடத்தில் "இன்னும் நேரமாகும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்" என்று முன்கூட்டியே சொல்லும் நர்ஸ், உங்களைக் கைவிடவில்லை. அவரிடம் "ஒரு ஊசி போட்டு இங்கேயே முடிச்சிடுங்கம்மா" என்று கெஞ்சாதீர்கள்.

டிரிப் போடப் போகிறோம் என்று சொன்னால் பணிவாகவே கேட்கலாம்: "எதுக்காகம்மா போடுறீங்க? குழந்தை துடிப்பை எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பீங்க? அவசரம்னா ஆபரேஷனுக்கு டாக்டர் இங்கேயே இருப்பாங்களா?" துடிப்பு நிமிடத்துக்கு 110இலிருந்து 160க்குள் இருக்க வேண்டும், இந்த மருந்து ஓடும்போது கால் மணிக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நல்ல மருத்துவமனையில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். டிரிப்பின் சக்கரத்தை உறவினர் யாரும் தொடவே கூடாது. வலி விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால், காத்திருக்காமல் உடனே குரல் கொடுக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடமும் துணையிருப்பவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. பழைய தையல் இருக்கும் கர்ப்பப்பைக்கு வலி மருந்து கொடுப்பது கூடுதல் எச்சரிக்கை வேண்டிய முடிவு. தியேட்டரும் மருத்துவரும் தயாராக உள்ள இடத்தில்தான் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டும். முதல் பிரசவம் வேறு ஊரில் நடந்திருந்தால் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் தாளின் நகலை இப்போதைய ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். வார்டில் ஷிஃப்ட் மாறி புது நர்ஸ் வரும் ஒவ்வொரு முறையும், அவர் கேட்காவிட்டாலும், "சிஸ்டர், இவளுக்கு முதல் குழந்தை ஆபரேஷன்" என்று சொல்லி அந்தத் தாளைக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்